இடம், போகம், கமக்காரர்: நெல் கொள்வனவுக் கியூபுக்கு டைமென்ஷன் அமைக்கிறதில சிக்கல்

குளக்கட்டடி

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டத்திலயும் இருக்கிற நெல் கொள்வனவு நிலையங்களின்ர பற்றுச்சீட்டுகளை ஒரு டேற்றா வெயார்ஹவுசுக்குள்ள (றிப்போட்டுக்கெண்டு தரவு சேர்த்து வைக்கிற தரவுத்தளம்) கொண்டுவந்து, மேல ஒரு கியூப் (பல கோணத்தில கூட்டிப் பாக்கிற தரவு அமைப்பு) கட்டுறம். எஸ்கியூஎல் சேர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்பு, கியூப் கட்டுறது அதோட வாற எஸ்எஸ்ஏஎஸ் மல்டிடைமென்ஷனலில. பாக்கிற ஆக்கள் எக்செல் பிவட்டில பாப்பினம். ஃபக்ட் டேபிளில (கொடுக்கல் வாங்கல் எண்கள் கிடக்கிற டேபிள்) ஒரு நிரை எண்டது ஒரு பற்றுச்சீட்டில ஒரு நெல் இனம். திகதி, நிலையம், கமக்காரர், இனம், மூட்டை, கிலோ, ஈரப்பதன், விலை, காசு குடுத்த திகதி எல்லாம் அதில இருக்கு.

இடிக்கிற இடங்கள் இதுகள்தான்.

இட டைமென்ஷனில (டைமென்ஷன் எண்டது இடம், திகதி மாதிரி எதால பிரிச்சுப் பாக்கிறமோ அது) கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலர் பிரிவு, மாவட்டம் எண்டு படிநிலை போட்டிருக்கிறம். புரோசெஸ் பண்ணேக்க (தரவைக் கியூபுக்குள்ள ஏத்தேக்க) டூப்ளிகேட் அட்ரிபியூட் கீ, அதாவது ஒரே சாவி ரெண்டு தரம் வருகுது எண்டு சொல்லி நிண்டிடுது. எரரைப் புறக்கணி எண்டு குடுத்தால் ஓடுது, ஆனா மாவட்டக் கூட்டுத்தொகை மூலத் தரவோட ஒத்துவரேல்லை.

காலபோகம் செப்டெம்பரில துவங்கி அடுத்த வருசம் மார்ச் வரை போகுது. வருசத்தை வைச்சுப் பாத்தால் ஒரு போகம் ரெண்டாப் பிரியுது.

ஒருத்தர் கமக்காரர் அமைப்பு மாறினால், போன வருச றிப்போட்டும் சேர்ந்து மாறுது. எல்லாத்தையும் டைப் 2 (மாற்றத்துக்குப் புது நிரை போட்டுப் பழையதையும் வைச்சிருக்கிற முறை) ஆக்கிறதோ?

களஞ்சிய இருப்பைக் கூட்டினால் இல்லாத நெல்லெல்லாம் வருகுது.

ஒவ்வொண்டாச் சொன்னாலும் பரவாயில்லை.

முதிரை

இடத்திலிருந்து தொடங்குகிறேன். அந்தப் புறக்கணிப்பை முதலில் எடுத்துவிடுங்கள். அது பிழையைத் தீர்ப்பதில்லை. ஒரே சாவிக்கு இரண்டு பெற்றோர் வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும். அந்தப் பிரிவின் கிலோ முழுவதும் ஒரே மாவட்டத்தில் போய் விழும். கூட்டுத்தொகை ஒத்துவராததற்குக் காரணம் அதுதான்.

எஸ்எஸ்ஏஎஸ் ஒவ்வொரு அட்ரிபியூட்டுக்கும் தனியாக ஒரு டிஸ்டிங்ட் வினவல் அனுப்பும்: அதன் சாவி, பெயர், அதற்கு மேலுள்ள அட்ரிபியூட்டின் சாவி. வந்த விடையில் ஒரே சாவி இரண்டு நிரைகளில் நின்றால் இந்த எரர். நீங்கள் பெயரையே சாவியாக வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வன்னியில் அது நிற்காது. பற்றுச்சீட்டில் "மாந்தை" என்று மட்டும் எழுதுவார்கள். மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டம், மாந்தை மேற்கு மன்னார் மாவட்டம். "வவுனியா" என்பது மாவட்டமும்தான், பிரதேச செயலர் பிரிவும்தான், நகரமும்தான். புதுக்குளம், பெரியகுளம் என்ற பெயர்களைக் கேட்கவே வேண்டாம்.

எதனால் வருகிறது என்று பார்க்க: இட டேபிளைப் பிரதேச செயலர் பிரிவின் சாவிவாரியாகக் குழுவாக்கி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வேறு வேறு மாவட்டச் சாவி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் வருபவை எல்லாம் குற்றவாளிகள். இதே சோதனையை ஒவ்வொரு மட்டத்துக்கும், கிராம அலுவலர் பிரிவிலிருந்து மேலே வரை, ஏற்றும் வேலையின் ஒரு படியாகவே வைத்துவிடுங்கள். கியூப் வரை போய் விழுவதைவிட ஸ்டேஜிங்கில் (தரவு முதலில் வந்து இறங்கும் இடைநிலை டேபிள்களில்) விழுவது நல்லது. இந்தச் சோதனையில் எதுவும் அகப்படாமலே எரர் வந்தால் வெற்று மதிப்பைத் தேடுங்கள். ஒரு நிரையில் நல் (மதிப்பே இல்லாதது), இன்னொன்றில் வெறும் எழுத்துச்சரம் இருந்தால் தரவுத்தளத்துக்கு அவை இரண்டு. எஸ்எஸ்ஏஎஸ் நல்லை வெறும் எழுத்துச்சரமாக மாற்றிவிடுவதால் அதற்கு ஒன்று.

தீர்வு, ஒவ்வொரு மட்டத்துக்கும் சொந்தமான ஒரு எண் சாவி. பிரதேச செயலர் பிரிவுக்கு ஒரு சின்ன டேபிள், மாவட்டத்துக்கு ஒன்று. அவற்றிலிருந்து இட டேபிளைத் தட்டையாக்கி எடுங்கள். கீ கொலம்ஸில் எண், நேம் கொலமில் தமிழ்ப் பெயர். சிலர் மாவட்டமும் பிரிவும் சேர்ந்த கூட்டுச் சாவி போடுவார்கள். அதுவும் ஓடும், அப்போது நேம் கொலம் கட்டாயம் குறிப்பிட வேண்டும். எனக்கு எண் சாவிதான் சரி.

அடுத்தது அட்ரிபியூட் ரிலேஷன்ஷிப், எந்த நிரல் எதற்குள் அடங்கும் என்று எஸ்எஸ்ஏஎஸ்க்குச் சொல்லும் உறவு. ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்லா அட்ரிபியூட்டும் நேரே கிராம அலுவலர் பிரிவின் சாவியில்தான் தொங்கும். படிநிலை திரையில் தெரியும், ஆனால் பிரிவு மட்டத்தில் கூட்டி வைத்த தொகையிலிருந்து மாவட்டத் தொகையைச் சேர்வர் எடுக்காது. சங்கிலியாக மாற்றுங்கள்: கிராம அலுவலர் பிரிவு → பிரதேச செயலர் பிரிவு → மாவட்டம் → மாகாணம். சங்கிலி போட்ட பிறகு கிராம அலுவலர் பிரிவிலிருந்து மாவட்டத்துக்குப் போகும் பழைய நேர்க்கோட்டை அழிக்க மறக்காதீர்கள்.

தேர்தல் மாவட்டம் என்று யாராவது கேட்டால் அதை மாவட்டத்துக்கு மேல் தனிக் கிளையாக வையுங்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மட்டும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. "வன்னி மொத்தம்" என்று ஒரு றிப்போட் கேட்டால் எந்த வன்னி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குளத்தை மட்டும் இந்தச் சங்கிலிக்குள் நுழைக்க வேண்டாம். இரணைமடுவின் கீழ் கரைச்சியிலும் வயல் இருக்கிறது, கண்டாவளையிலும் இருக்கிறது. ஒரு குளம் ஒரு பிரிவுக்குள் அடங்காதபோது பிரிவு → குளம் என்ற உறவும் பொய், குளம் → பிரிவு என்ற உறவும் பொய். குளம் தனி டைமென்ஷன்: இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று. மானாவாரிக்கு "மானாவாரி" என்றே ஒரு உறுப்பு வேண்டும். அதைக் "குளம் தெரியாது" என்பதோடு சேர்த்துவிடாதீர்கள். ஒன்று தகவல், மற்றது தகவல் இல்லாமை. (பெயரின் முன்பகுதியை வைத்து மாவட்டம் கண்டுபிடிக்கும் வேலையெல்லாம் வேண்டாம். வவுனிக்குளம் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில்.)

இன்னொன்று. உங்கள் ஃபக்ட்டில் எந்த இடம்? நிலையத்தின் இடமா, கமக்காரரின் வீடா, வயலா? மூன்றும் மூன்று மாவட்டமாக இருக்கலாம். ஒரே இட டேபிளை மூன்று பாத்திரங்களில் கியூபில் சேர்க்கலாம், ஆனால் பெயரில் அது தெரிய வேண்டும்: "நிலைய இடம்", "வயல் இடம்".

பாலைப்பழம்

போகத்துக்கு நான் சொல்லுறன். போகத்தைத் திகதி டைமென்ஷனுக்குள்ள வைக்கிறதிலதான் பிழை இருக்கு.

விவசாயத் திணைக்களக் கணக்கில காலபோகம் செப்டெம்பரில இருந்து மார்ச் வரை, சிறுபோகம் மேயில இருந்து ஓகஸ்ட் வரை. அது விதைக்கிற, அறுக்கிற காலம். நீங்கள் வைச்சிருக்கிறது நெல் வாங்கின திகதி. ஏப்ரலில வாங்கிற நெல்லை எந்தப் போகத்தில போடுவியள்? அது காலபோக நெல்தான். விலை ஏறட்டும் எண்டு வீட்டில வைச்சு யூலையில கொண்டுவாற மூட்டையும் காலபோக நெல்தான். அப்ப போகம் எண்டது திகதியில இருந்து பிறக்கிற குணம் இல்லை, அந்தக் கொடுக்கல் வாங்கலின்ர குணம். அதுக்குத் தனி டைமென்ஷன், ஃபக்ட்டில தனிச் சாவி.

டேபிள் சின்னன், வருசத்துக்கு ரெண்டு நிரை. பயறு, உழுந்தும் வாங்கிறதெண்டால் இடைப்போகத்துக்கு இன்னொண்டு. நிரல்கள்: போகச் சாவி (ஓடுற இலக்கம்), பெயர் "2023/24 காலபோகம்", வகை, துவங்கிற ஆண்டு, முடியிற ஆண்டு, வரிசை எண், போன வருச அதே போகத்தின்ர சாவி. அந்தக் கடைசி நிரலைக் கட்டாயம் வையுங்கோ. "ரெண்டு நிரை பின்னால போ" எண்டு எழுதின கணக்கு, இடைப்போகம் ஒண்டு சேர்ந்த உடன பிழைக்கும். வகை → போகம் எண்டு படிநிலை போட்டு முந்தின உறுப்பை எடுத்தாலும் சரிவரும், ஆனா முதல் சிறுபோகத்துக்கு முந்தினது எது எண்டு கேட்டால் அது பெற்றோரைத் தாண்டிப் போய்க் கடைசிக் காலபோகத்தைக் கொண்டுவந்து தரும். மட்டத்தைத்தான் அது பாக்கும், பெற்றோரை இல்லை.

ஓடர் பையை (உறுப்புகளை அடுக்கிற ஒழுங்கு) பெயரில விடாதேங்கோ, வரிசை எண்ணில வையுங்கோ.

பழைய பற்றுச்சீட்டில போகம் எழுதி இருக்காது. அதுக்கு மாவட்டம், ஆண்டு வாரியா ஒரு வெட்டுத் திகதி டேபிள் வைச்சு நிரப்பலாம். நிரப்பினதை "ஊகித்தது" எண்டு ஒரு கொடியால குறிச்சு விடுங்கோ, இல்லாட்டிப் பிறகு எது சீட்டில இருந்தது, எது நாங்கள் போட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

திகதி டைமென்ஷன் வழமை மாதிரி: ஒரு நாளுக்கு ஒரு நிரை, சாவி 20240115 மாதிரி முழு எண். மாதத்தின்ர சாவி 202401 ஆக இருக்கோணும். வெறும் 1 எண்டோ "ஜனவரி" எண்டோ வைச்சால் எல்லா வருச ஜனவரியும் ஒண்டாகி, முதிரை சொன்ன அதே எரர் இங்கயும் வரும். போயா, பொங்கல், தமிழ் மாதப் பிறப்பு எல்லாம் கணக்குப் போட்டு எடுக்கிறேல்லை. வருசத்துக்கு ஒருக்கா கையால உள்ளிடுங்கோ. வரி ஆண்டு ஏப்ரல் 1 இல துவங்குது, அரச நிதியாண்டு ஜனவரியில. கேக்கிற ஆளைப் பொறுத்து ரெண்டும் தேவைப்படும், ரெண்டு நிரலா வையுங்கோ.

காசு குடுத்த திகதியும் இதே டேபிள்தான், ரெண்டாவது பாத்திரம். இன்னும் குடுக்காததுக்கு நல் விடவேண்டாம், 1900 எண்டும் போடவேண்டாம். 1900 போட்டால் எக்செல்லில வருசப் பட்டியலின்ர தலையில அதுதான் நிக்கும். "இன்னும் கொடுக்கவில்லை" எண்டு ஒரு உறுப்பு, சாவி -1. நிலுவை றிப்போட் அதிலேயே கிடைச்சிடும்.

குளக்கட்டடி

முதிரை அண்ணை, பாலைப்பழம், ரெண்டு பேருக்கும் நன்றி. பெயர்தான் சாவியா இருந்தது. மாற்றுறன்.

கமக்காரருக்கு அடையாள அட்டை இலக்கத்தையே சாவியா வைக்கலாம் எண்டு இங்க ஒரு கதை ஓடுது. ஆளுக்கு ஒண்டுதானே எண்டு சொல்லினம். நெல் இனத்துக்கும் பிஜி 352, ஏடி 362 எண்ட குறியீட்டையே சாவியா வைச்சிருக்கிறம். அது சரிதானே?

வாய்க்கால்

இரண்டும் வேண்டாம்.

அடையாள அட்டை முதலில். ஆளுக்கு ஒன்று என்பது பாதி உண்மை. பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும். 2016 இலிருந்து வருவது 12 இலக்கம். அட்டையைப் புதுப்பித்த ஒருவர் உங்கள் தரவில் இரண்டு ஆளாக நிற்பார். பழையதைப் புதியதாக மாற்ற வழி இருக்கிறது: முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். ஸ்டேஜிங்கில் ஆளை ஆளோடு பொருத்த இதைப் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் கொண்டுபோகாதீர்கள். அந்த இலக்கத்துக்குள் பிறந்த ஆண்டும் நாளும் இருக்கின்றன. பெண்களுக்கு நாளோடு 500 கூடியிருக்கும் என்பதால் பாலும் தெரிந்துவிடும். எக்செல் பிவட்டில் எல்லோரும் திறந்து பார்க்கும் கியூபில் அது எதற்கு? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். தொலைபேசி இலக்கத்துக்கும் இதே கதைதான். இன்னொரு சின்ன ஆபத்து: 12 இலக்கத்தை எக்செல்லில் சாதாரணக் கலத்தில் ஒட்டினால் 1.98இ+11 போல் காட்டும், அதை அப்படியே சீஎஸ்வியாகச் சேமித்தால் இலக்கம் போய்விடும்.

நெல் இனக் குறியீடு. 352 இல் 35 என்பது மூன்றரை மாத வயது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாராவது முதல் இரண்டு இலக்கத்தை வெட்டி "வயது" என்ற நிரலை நிரப்புவார்கள். பிஜி 94-1 வந்ததும் ஒன்பது மாத நெல் ஒன்று உங்கள் கியூபில் முளைக்கும். குறியீட்டை ஒரு சாதாரண நிரலாக வையுங்கள். சாவி ஓடும் எண். வயது, நாடு, சம்பா, கீரிச்சம்பா என்ற வகை, சிவப்பு வெள்ளை எல்லாம் தனித்தனி நிரல்கள், கையால் நிரப்பியவை.

இனி டைப் 2. எல்லாவற்றையும் டைப் 2 ஆக்காதீர்கள். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரே கேள்வி: இது மாறினால் பழைய றிப்போட் பழையபடியே நிற்க வேண்டுமா? கமக்காரர் அமைப்பு, கமநல சேவை நிலையம்: ஆம், டைப் 2. பெயரில் எழுத்துப்பிழை திருத்தம்: இல்லை, டைப் 1 (பழையதன் மேலேயே எழுதுவது), அந்த ஆளின் எல்லாப் பதிப்பு நிரைகளிலும் மாற்றுங்கள், கடைசி நிரையில் மட்டும் அல்ல. பிறந்த ஆண்டு: மாறவே கூடாது. சிக்கல் எங்கே வரும் என்றால், அமைப்பின் பெயரைத் தவறாகத் தெரிவு செய்துவிட்டு மறுநாள் திருத்தினால் டேபிளுக்கு அது "மாற்றம்" போலவே தெரியும். உள்ளிடும் படிவத்திலேயே "திருத்தமா, மாற்றமா" என்று கேட்டு வாங்காவிட்டால், கணினியால் அதைப் பிரித்தறிய முடியாது.

நிரல்கள்: பதிப்புச் சாவி, ஆள் சாவி, தொடங்கும் திகதி, முடியும் திகதி, நடப்பு என்ற கொடி. நடப்பு நிரையின் முடிவு 9999-12-31. முடியும் திகதியை உள்ளடக்காத எல்லையாக வையுங்கள்: ஒரு பதிப்பு முடியும் திகதியும் அடுத்தது தொடங்கும் திகதியும் ஒன்றே, தொடக்கம் சேரும், முடிவு சேராது. இரண்டையும் சேர்த்தால் அந்த ஒரு நாளின் சீட்டுகள் இரண்டு பதிப்பிலும் பொருந்தி, கிலோ இரட்டிக்கும்.

ஃபக்ட் ஏற்றும்போது பதிப்பைத் தேடுவது பற்றுச்சீட்டுத் திகதியால். "நடப்பு" கொடியாலும் அல்ல, ஏற்றும் திகதியாலும் அல்ல. தூர நிலையங்களின் சீட்டுப் புத்தகம் கிழமைகள் கழித்து வரும்போது நடப்புக் கொடியால் பொருத்தினால், அமைப்பு மாறிய ஆளின் பழைய நெல் புதிய அமைப்பில் விழும். டைமென்ஷனைச் சரியாகக் கட்டிவிட்டு ஏற்றத்தில் அதைக் கெடுப்பதுதான் அதிகம் நடக்கிறது.

ஏக்கரை இதற்குள் போடாதீர்கள். செய்கை பண்ணும் ஏக்கர் போகத்துக்குப் போகம் மாறும். 8,000 கமக்காரர் என்று வையுங்கள், ஐந்து வருடம், வருடத்துக்கு இரண்டு போகம்: 80,000 நிரை, ஒரு நிரலுக்காக. அது டைமென்ஷன் பண்பே அல்ல, தனி ஃபக்ட்: கமக்காரர், போகம், வயல் இடம், குளம், ஏக்கர். அப்போதுதான் ஏக்கருக்கு எத்தனை கிலோ விற்பனைக்கு வந்தது என்று கணக்கிடவும் முடியும். வகைப்படுத்திப் பார்க்க வேண்டுமென்றால் "1 ஏக்கருக்குக் கீழ்", "1 முதல் 2½", "2½ முதல் 5", "5க்கு மேல்" என்று நான்கு நிரையில் ஒரு சின்ன டைமென்ஷன் போதும்.

ஈரப்பதனும் அப்படித்தான். 13.7, 13.8 என்று ஒவ்வொன்றையும் உறுப்பாக்கினால் பிவட் நீண்டுகொண்டே போகும். நெல் சந்தைப்படுத்தும் சபையின் அளவு 14 சதவீதம் என்பதால், 14 வரை, 14க்கு மேல் என்ற இரண்டு பட்டி பெரும்பாலும் போதும். சராசரி வேண்டும் என்றால் கிலோவை ஈரப்பதனால் பெருக்கிய தொகையை ஒரு அளவாக ஏற்றி, கியூபில் கிலோவால் வகுங்கள். சீட்டுக்குச் சீட்டு எடுத்த சராசரி, இரண்டு மூட்டைக்காரருக்கும் இருநூறு மூட்டைக்காரருக்கும் ஒரே எடை கொடுக்கும்.

முதிரை

வாய்க்காலோடு பெரும்பாலும் உடன்பாடு. டைப் 2 ஐ கியூபில் வைக்கும்போது வரும் ஒரு இடறலையும் சேர்க்கிறேன்.

டைமென்ஷனின் சாவி அட்ரிபியூட் பதிப்புச் சாவி. அதற்கு மேல் ஆள் சாவி ஒரு அட்ரிபியூட், கமக்காரர் அமைப்பு இன்னொன்று. இரண்டும் பதிப்புச் சாவியிலிருந்து தனித்தனியாகக் கிளம்ப வேண்டும். ஆள் → அமைப்பு என்று சங்கிலி போட்டீர்களோ, மாறிய முதல் ஆளிலேயே டூப்ளிகேட் எரர், ஏனென்றால் ஒரு ஆளுக்கு இரண்டு அமைப்பு. அமைப்பு → கமக்காரர் என்ற படிநிலை வேண்டுமானால் கீழ்மட்டத்தில் ஆள் சாவியை அல்ல, பதிப்புச் சாவியை வைத்து, பெயராக ஆளின் பெயரைக் காட்டுங்கள். எத்தனை கமக்காரர் விற்றார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் ஆள் சாவியின் டிஸ்டிங்ட் கவுண்ட் (ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணுவது). அதற்கு ஆள் சாவி ஃபக்ட்டிலும் ஒரு நிரலாக இருக்க வேண்டும். பதிப்புச் சாவியை எண்ணினால் அமைப்பு மாறியவர் இரண்டு பேராகிவிடுவார்.

இன்னொன்று: கிராம அலுவலர் பிரிவின் எல்லை மாற்றத்துக்கும் டைப் 2 போதும் என்று சிலர் நினைப்பார்கள். போதாது. மாவட்டச் செயலகத்தில் கேட்பது அநேகமாக "இன்றைய எல்லைப்படி கடந்த ஐந்து வருடம்". கணக்காய்வில் கேட்பது "அன்றைய எல்லைப்படி". ஆகவே இட டேபிளில் "அப்போதைய பிரிவு", "இப்போதைய பிரிவு" என்று இரண்டு நிரல். முதலாவது டைப் 2 போல உறைந்து நிற்கும். இரண்டாவது எல்லாப் பதிப்பிலும் டைப் 1 போல மாறிக்கொண்டே இருக்கும். இதைத்தான் டைப் 6 என்கிறார்கள். கமக்காரர் டைமென்ஷனுக்கு இது வீண் பாரம், இடத்துக்கு வேண்டும்.

கச்சான்கடை

ஒருத்தரும் எழுத்துருப் பக்கம் போகேல்லையே. உங்கட டூப்ளிகேட்டில பாதி அங்கதான் கிடக்கும்.

"கிளிநொச்சி" எண்டதில ஒரு "நொ" இருக்கு. அந்த ஒகரக் குறியை ஒரே யுனிகோட் எழுத்தாவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் எண்டு ரெண்டாவும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒண்டு. ஒண்டின்ர நீளம் 10, மற்றதின்ர நீளம் 11. தரவுத்தளத்துக்கு ரெண்டு மாவட்டம். ஏற்ற முதல் எல்லாத் தமிழ் நிரலையும் என்எஃப்சி (இப்பிடிப் பிரிஞ்சதைச் சேர்த்து ஒரே விதமாக்கிற யுனிகோட் வடிவம்) வடிவத்துக்கு மாற்றுங்கோ. பைதனில யுனிகோட்டேற்றா மொடியூல் இருக்கு. போஸ்கிறேஎஸ்கியூஎல் 13 இல இருந்து நோர்மலைஸ் எண்ட ஃபங்ஷன் உள்ளயே இருக்கு. எஸ்கியூஎல் சேர்வரில அப்பிடி ஒண்டு இல்லை, வெளியில செய்துபோட்டுத்தான் கொண்டுவரவேணும். இதால தீராத ஒண்டு ஒளகாரக் குறி: கொம்புக்குப் பக்கத்தில "ள" எண்ட எழுத்தையே தட்டி வைச்சிருப்பினம், பாக்க அச்சொட்டா ஒண்டுதான், ஆனா என்எஃப்சி அதைத் தொடாது. அதுக்குத் தனி மாற்று விதி எழுதவேணும்.

பழைய எக்செல் பைல்கள் பாமினி எழுத்துருவில இருந்தால் இன்னும் மோசம். உள்ளுக்குள்ள இருக்கிறது வெறும் ஆங்கில எழுத்து. பாமினியில சிறிய கே "ம", பெரிய கே "மு"; சிறிய ரி "வ", பெரிய ரி "வு". உங்கட தரவுத்தளம் பெரிசு சிறிசு பாராத கொலேஷனில (எழுத்தை ஒப்பிடுற விதி) இருந்தால் இந்த எழுத்துகள் எல்லாம் ஒண்டாப் போகும், ரெண்டு வேற வேற ஊர் ஒண்டாச் சேரும். யுனிகோட்டுக்கு மாற்றின பிறகுதான் டேபிளுக்குள்ள விடவேணும். நிரல் என்வார்ச்சார் (யுனிகோட் எழுத்து வைக்கிற வகை) ஆக இருக்கோணும். வினவலில தமிழ் எழுதேக்க மேற்கோளுக்கு முன்னால என் எழுத்தைப் போடாட்டி முழுக்கக் கேள்விக்குறியா விழும், விழுந்த பிறகு மீட்க வழியில்லை.

அதோட ஒட்டுசுட்டான், ஒட்டிசுட்டான் மாதிரி ரெண்டு விதமா எழுதிற பெயர்களுக்கு ஒரு மாற்றுப்பெயர் டேபிள் வையுங்கோ: வந்த எழுத்து, அது போகவேண்டிய சாவி. அதில இல்லாத பெயர் வந்தால் தானாப் புது உறுப்பு உண்டாக்க விடாதேங்கோ. -1 "தெரியாது" இல போட்டு, மூல எழுத்தை ஃபக்ட் ஸ்டேஜிங்கில வைச்சிருந்து, ஆள் பாத்துத் தீர்க்கட்டும்.

பாலைப்பழம்

இருப்பு விசயம் இன்னும் கிடக்குது. களஞ்சிய இருப்பு இடம் வழிய கூட்டலாம், இனம் வழிய கூட்டலாம், நாள் வழிய கூட்டக்கூடாது. அளவின்ர அக்ரிகேட் ஃபங்ஷனை சம் இல இருந்து மாற்றவேணும், திகதி டைமென்ஷனின்ர வகையை டைம் எண்டு குறிக்கவேணும்.

நீங்கள் வைச்சிருக்கிறது ஸ்டாண்டர்ட் பதிப்பு. லாஸ்ட் நொன் எம்ப்ரி (வெறுமை இல்லாத கடைசி நாளின்ர மதிப்பு) அதில இல்லை, லாஸ்ட் சைல்ட் மட்டும்தான். அது மாதத்தின்ர கடைசி நாளைத்தான் பாக்கும். அண்டைக்கு எண்ணிக்கை எடுக்காட்டி வெறுமை. நடக்கிற மாதத்திலயும் வெறுமை, ஏனெண்டால் கடைசி நாள் இன்னும் வரேல்லை. அதால ரெண்டு வேலை: ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் இனத்துக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிரை, எண்ணாத நாளுக்கு முந்தின நாள் இருப்பைக் கொண்டுவந்து நிரப்பினபடி, திகதி டைமென்ஷனை எதிர்காலத்துக்கு நீட்டாமல், கடைசியா ஏற்றின நாளோட நிப்பாட்டுறது. முப்பது களஞ்சியம், பத்து இனம் எண்டாலும் வருசத்துக்கு 1,09,500 நிரைதான். ஒண்டுமில்லை.

என்ரபிரைஸ் வாங்கினால் லாஸ்ட் நொன் எம்ப்ரியோட இது தீரும் எண்டு நினைக்கவேண்டாம். அது மொத்தத்தில எந்தக் கடைசி நாள் வெறுமை இல்லையோ அந்த நாளை எடுக்கும். மாங்குளத்தில 28 ஆம் திகதி எண்ணி, மல்லாவியில 30 ஆம் திகதி எண்ணினால், மாதக் கூட்டுத்தொகையில மல்லாவி மட்டும்தான் இருக்கும். தனித்தனியாப் பாத்தால் ரெண்டும் சரியாக் காட்டும், அதால ஒருத்தரும் கண்டுபிடிக்காயினம். நாளுக்கொரு நிரை எல்லாப் பதிப்பிலயும் வேணும்.

மூட்டை எண்ணிக்கையைக் கிலோவா மாற்றிறதுக்கு ஒரு நிலையான எடையை வைச்சுப் பெருக்கிறதை நிப்பாட்டுங்கோ. தராசில நிறுத்த கிலோதான் அளவு. மூட்டை எண்டது சாக்கு எத்தனை, லொறி எத்தனை எண்டு பாக்க மட்டும்.

குளக்கட்டடி

விளங்கிச்சுது. கடைசியா ஒண்டு. இரவில எந்த ஒழுங்கில ஓட விடுறது? இப்ப ஒவ்வொரு நாளும் எல்லாத்தையும் புரோசெஸ் ஃபுல்தான். நாலு வருசச் சீட்டு ஏறினால் விடியிறதுக்குள்ள முடியாது போல இருக்கு. இதுக்குப் பவர் பிஐக்கு (மைக்ரோசொஃப்ட்டின்ர இன்னொரு றிப்போட் கருவி) மாறச் சொல்லியும் ஒருத்தர் சொல்லுறார்.

கச்சான்கடை

மாறினாலும் இந்த டேபிளுகள் இதே மாதிரித்தான் இருக்கோணும். அங்க அட்ரிபியூட் ரிலேஷன்ஷிப் இல்லை, அதால டூப்ளிகேட் எரர் வராது. பிழையான கூட்டுத்தொகை சத்தமில்லாமல் வரும். ரெண்டு திகதிப் பாத்திரத்துக்கு அங்க ஒரு உறவு மட்டும்தான் செயலில இருக்கும், மற்றதை ஒவ்வொரு கணக்கிலயும் யூஸ்ரிலேஷன்ஷிப் போட்டு எழுப்பவேணும். இல்லாட்டித் திகதி டேபிளை ரெண்டாப் பிரதி எடுக்கவேணும். முதல் டைமென்ஷன்களை ஒழுங்காக்குங்கோ, கருவியைப் பிறகு பாக்கலாம்.

முதிரை

ஒழுங்கு: ஸ்டேஜிங், பெற்றோர் சோதனை, வெயார்ஹவுஸ் டைமென்ஷன்கள், ஃபக்ட், அதன்பின் கியூப். கியூபில் டைமென்ஷன்களுக்கு புரோசெஸ் அப்டேட் (இருப்பதை அழிக்காமல் புதுப்பிப்பது). புரோசெஸ் ஃபுல் கொடுத்தால் அந்த டைமென்ஷன் தொடும் எல்லாப் பார்ட்டிஷனும் (ஃபக்ட் தரவைப் பிரித்து வைத்த துண்டுகள்) செல்லாமல் போய், நான்கு வருடத்தையும் திரும்ப ஏற்ற வேண்டும். உங்கள் இரவு அதில்தான் போகிறது. ஃபக்ட்டைப் போகவாரியாகப் பார்ட்டிஷன் பண்ணுங்கள், ஒரு அளவுக் குழுவுக்கு மூன்றுக்கு மேல் ஸ்டாண்டர்டில் முடியாது என்பதால் முடிந்த போகங்கள் எல்லாம் ஒன்றில், நடப்புப் போகம் ஒன்றில் என்று. இரவில் நடப்பு மட்டும் முழுதாக ஓடும். பிந்தி வந்த சீட்டு பழைய போகத்துக்குரியதாக இருந்தால் அன்றைக்குப் பழையதையும் ஓட்ட வேண்டும். ஏற்றும் வேலை, எந்தப் போகச் சாவிகளைத் தொட்டது என்று ஒரு டேபிளில் எழுதி வைத்தால் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

உறவுகளில் மாவட்டம் → மாகாணம் ரிஜிட் (மாறாதது), கிராம அலுவலர் பிரிவு → இப்போதைய பிரிவு ஃபிளெக்சிபிள் (மாறக்கூடியது). மாறக்கூடிய ஒன்றை ரிஜிட் என்று வைத்துவிட்டால், அது மாறிய அன்று புரோசெஸ் அப்டேட் எரர் கொடுத்து நிற்கும், அதன்பின் ஃபுல் தவிர வழியில்லை. ஃபிளெக்சிபிள் என்று வைத்தால் அந்த உறவின் மேல் கட்டிய அக்ரிகேஷன்கள் (முன்கூட்டியே கூட்டி வைத்த தொகைகள்), உறுப்பு இடம் மாறும்போது அப்டேட்டில் கழன்றுவிடும். அப்டேட் முடிந்ததும் பார்ட்டிஷன்களுக்கு ஒரு புரோசெஸ் இன்டெக்ஸ் ஓட்டுங்கள். ஓட்டாவிட்டால் விடை சரியாகத்தான் வரும், பிவட் மெதுவாகும், காரணமும் தெரியாது.